முன்னால் நிற்கும் பூஜ்யம்



இந்த வாரம் கொஞ்சம் கம்ப்யூட்டர் கதை. பயந்துகொண்டு மூடிவிடாதீர்கள். படி, உழக்கு, ஆழாக்கு அளந்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத தப்பு.

ஜமுனாமரத்தூரில் ஒரு வாரமாக விடாத மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் லீவுக்கு வந்திருக்கிறாள். நம் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். இப்போது கீழே கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். கரண்ட் இருந்த ஒரு மணி நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தாத்தா, இதைப் பாருங்க. நான் 010-னு குடுத்தா இது 8-னு எடுத்துக்குது. இதுக்கு என்ன பைத்தியமா?"

சிரித்தேன். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த 010 எனக்குப் பழைய ஆள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கதவு எண் போல, வலையில் இணைந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு முகவரி உண்டு. ஐ.பி. முகவரி என்பார்கள். நாம் எழுதும்போது 10.20.12.25 என்று நான்கு எண்களை நடுவில் புள்ளி வைத்து எழுதுகிறோம். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இது மனுஷன் படிக்கிற உருவம். இயந்திரத்துக்குப் புள்ளியும் தெரியாது, பத்தும் தெரியாது. அதற்குத் தெரிந்தது 0, 1 என்ற இரண்டே இலக்கம். இந்த முகவரியை அது 32 இலக்கங்களாக, எட்டு எட்டாக நான்கு கட்டாக வைத்துக்கொள்கிறது.

எட்டு இலக்கத்தில் எப்படி 255 வரை வரும் என்று கேட்பீர்கள். சாமை அளந்ததை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. ஒவ்வொன்றும் முந்தையதற்கு இரட்டிப்பு. அதே மாதிரி 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று எட்டு பாத்திரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். 25 அளக்க வேண்டுமா? 16, 8, 1 மூன்றையும் எடுத்தால் போதும். எடுத்ததற்கு 1, எடுக்காததற்கு 0 போட்டு, பெரிய பாத்திரத்திலிருந்து வரிசையாக எழுதினால் 00011001. இயந்திரத்துக்கு 25 என்றால் இதுதான். எட்டையும் எடுத்தால் 255. அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பிரித்து மனப்பாடம் செய்த நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார்கள் கம்ப்யூட்டர் பார்க்காமலே இந்தக் கணக்கில்தான் தானியம் அளந்தார்கள்.

எழுத்தில் இருக்கும் முகவரியை இந்த உருவத்துக்கு மாற்றுவதும், இந்த உருவத்திலிருந்து திரும்ப எழுத்துக்கு மாற்றுவதும் புரோகிராமில் ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியில் வழுக்கி விழுந்தவன் நான்.

2001 வாக்கில், நான் ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வயதானவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் கவுண்ட்டர்கள் இருந்தன. பெரிய ஊரில் இருக்கும் கம்ப்யூட்டர் சீட்டு அனுப்பும், கவுண்ட்டரில் உள்ள பிரிண்டரில் அது அச்சாகும். சீட்டு வந்தால்தான் காசு. மலைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் புதிதாக மூன்று கவுண்ட்டர் திறந்தார்கள்.

அந்த மூன்றின் முகவரிகளையும் பட்டியலில் சேர்ப்பது என் பொறுப்பு. எனக்கு எதுவும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். ரிஜிஸ்டரில்கூட 7 என்று எழுதாமல் 007 என்று எழுதுகிற ஆள். ஒரு படிவம் தயார் செய்து, ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கட்டம் போட்டேன். காலி கட்டத்தில் பூஜ்யம். 10.20.12.25 என்பது 010.020.012.025 ஆயிற்று. பார்க்க அழகாக இருந்தது. அப்படியே பட்டியலில் ஏற்றினேன்.

திங்கட்கிழமை திறப்பு. சீட்டு வரவில்லை. ஒயரைப் பார்த்தோம், சரி. பிரிண்டரைப் பார்த்தோம், சரி. என் மேஜையிலிருந்து 10.20.12.25 என்று கையால் அடித்துக் கூப்பிட்டால் அந்தக் கவுண்ட்டர் உடனே பதில் சொல்கிறது. பட்டியலில் இருந்து கூப்பிட்டால் பதிலே இல்லை. பழைய கவுண்ட்டர்கள் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. நான் லைனைக் குறை சொன்னேன். லைன்காரர் மெஷினைக் குறை சொன்னார். செவ்வாயும் போயிற்று.

புதன்கிழமை நானே நேரில் போனேன். திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மேலே ஏதோ ஒரு குக்கிராமத்திலிருந்து காட்டு வழியாக நடந்து, பஸ் பிடித்து இறங்கி வந்தவர். என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"மூணு நாளா வரேன் சாமி. சாமை களத்துல கெடக்குது. பஸ்ஸுக்கே என் காசு போவுது. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, நான் வரல."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். கோபமே இல்லை. தன்னிடம்தான் ஏதோ குறை, தன் பேர்தான் சரியில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி நின்றார்.

அன்று சாயங்காலம் திரும்பி வந்து, புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். 'நீ என்ன முகவரி என்று புரிந்துகொண்டாய், அதைத் திரும்ப எழுதிக் காட்டு' என்று. அது எழுதிக் காட்டியது: 8.16.10.21.

எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒரு முகவரியே கிடையாது. கடல் கடந்து யாருக்கோ சொந்தமான எண். மூன்று நாளாக எங்கள் கம்ப்யூட்டர் அந்தத் திசையில் கதவைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்துக் கிடந்திருக்கிறது.

காரணம் இதுதான். 1970-களில் 'சி' என்ற கணினி மொழி உருவானபோது, எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அது எட்டின் கணக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து இயந்திரங்கள் பலவற்றில் 18, 36 என்று இலக்கங்கள் இருந்தன. மூன்று மூன்றாகப் பிரிக்க எட்டின் கணக்கு வசதி. எட்டின் கணக்கில் 10 என்றால் ஒரு எட்டு. 20 என்றால் இரண்டு எட்டு, அதாவது 16. 12 என்றால் ஒரு எட்டும் இரண்டும், அதாவது 10. 25 என்றால் இரண்டு எட்டும் ஐந்தும், அதாவது 21. என் 010.020.012.025 அப்படித்தான் 8.16.10.21 ஆயிற்று. 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில், முகவரியை மாற்றுவதற்கு 'ஐநெட் ஆடர்' என்று ஒரு கருவி வந்தது. அது 'சி' மொழியின் இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது.

ஆக, முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம். ரிஜிஸ்டரில் அது வெறும் அலங்காரம். எஸ்.டி.டி. கோடில் அது கதவு. 044 என்று போட்டால்தான் சென்னை கிடைக்கும், வெளிநாட்டிலிருந்து கூப்பிடும்போது அதே பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். அந்தப் பழைய கருவிக்கோ அது 'எட்டில் எண்ணு' என்ற கட்டளை. எழுதியவன் ஒன்று நினைக்க, படித்தது வேறொன்று நினைத்தது. இரண்டும் தன்வரையில் சரி. நடுவில் நின்றவர் அந்தப் பாட்டி.

இனி என் அபிப்பிராயம்.

சந்தேகம் வந்தால் இயந்திரம் மறுக்க வேண்டும். ஊகிக்கக் கூடாது. 'இது எனக்குப் புரியவில்லை, சரியாக எழுது' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்ல வேண்டும். அன்று அந்தக் கருவி அப்படிச் சொல்லியிருந்தால், ஏற்றிய அன்றே, என் மேஜையிலேயே, ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். எனக்குக் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். அது பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டதால் அந்த வெட்கம் மலையிறங்கி வந்தவர்களின் பஸ் காசாக மாறியது.

இதற்கு எதிர்க்கட்சி உண்டு. அதுவும் லேசான கட்சி இல்லை. இன்டர்நெட்டின் அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல், 1980-இலேயே ஒரு கொள்கை எழுதி வைத்தார். நீ அனுப்புவதில் கறாராக இரு, மற்றவர் அனுப்பியதை ஏற்பதில் தாராளமாக இரு என்பது அதன் சாரம். எத்தனையோ விதமான இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசப் பழகிய காலத்தில் அந்தத் தாராளம் இல்லையென்றால் இன்டர்நெட் வளர்ந்தே இருக்காது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நம் மலைத் தபால்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பேரில் பாதி, ஊரில் பாதி, பின்கோடே இல்லாமல் வந்த கடிதத்தையும் உரியவர் கையில் சேர்த்தவர்கள் அவர்கள். அந்தத் தாராளத்தால் வேலைக்கு ஆர்டர் வந்து பிழைத்த குடும்பங்கள் இங்கே உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். தபால்காரருக்கு ஆளைத் தெரியும். ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் டீக்கடையில் நிறுத்தி, "இது யாருக்கு வந்ததுங்க?" என்று கேட்பார். கேட்டுத் தெரிந்துகொண்டு தாராளமாக இருப்பது அன்பு. கேட்காமலே முடிவு செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது அன்பு ஆகாது. இயந்திரம் கேட்காது. ஆகவே அது மறுத்தால்தான் நமக்கு நல்லது.

மேதைகள் இதைக் கவனிக்காமல் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் 'ஐநெட் பி டு என்' என்ற புதுக் கருவி வந்தது. மனுஷன் பார்க்கும் உருவத்திலிருந்து வலைக்குரிய உருவத்துக்கு என்று அர்த்தம். அதற்கு நேர் எதிர் வேலைக்கு 'ஐநெட் என் டு பி'. இது கறாரான ஆள். நான்கு எண், நடுவில் மூன்று புள்ளி, எல்லாம் பத்தின் கணக்கு. மாறினால் 'இது முகவரி இல்லை' என்று சொல்லிவிடும். பழையதோ 127.1 என்று இரண்டே எண் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். தப்பு என்று தெரிந்தால் −1 என்று பதில் சொல்லும். அந்த −1-க்கும் 255.255.255.255 என்ற உண்மையான முகவரிக்கும் இயந்திரத்துக்குள் ஒரே உருவம்! 'இல்லை' என்ற சொல்லும் ஓர் ஆளின் பேரும் ஒன்றாக இருந்தால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

எட்டின் கணக்கில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. அப்படியானால் 028 என்று கொடுத்தால்? இன்றைய கருவிகள் பலவும் மறுத்துவிடும். சில பழையவை அதையும் எப்படியோ கூட்டிப் பெருக்கி 24 என்று எடுத்துக்கொண்டன. தாராளத்துக்கு எல்லையே இல்லை.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2021-இல் 'நெட்மாஸ்க்' என்று உலகமெங்கும் பலர் பயன்படுத்திய ஒரு நிரல் தொகுப்பில் இதே பூஜ்யம் பிடிபட்டது. வாசலில் நிற்கும் காவலாளி 0177.0.0.1 என்ற முகவரியை 177.0.0.1 என்று படித்து, வெளியாள்தானே என்று விட்டுவிடுகிறார். உள்ளே இருப்பவரோ அதை எட்டின் கணக்கில் 127.0.0.1 என்று படிக்கிறார். அது அந்தக் கம்ப்யூட்டர் தன்னையே குறிக்கும் முகவரி, அதாவது வீட்டுக்காரரின் சொந்த அறை. ஒரே சீட்டை இருவர் இரண்டு விதமாகப் படித்தால் திருடனுக்கு வழி கிடைத்துவிடும். அதே வருஷம் 'பைத்தான்' மொழியிலும், 'கோ' மொழியிலும் இந்த ஓட்டையை அடைத்தார்கள். பைத்தான் முன்பு கறாராக இருந்து, நடுவில் ஒரு பதிப்பில் தளர்த்திவிட்டு, பிறகு 3.9.5 பதிப்பில் மறுபடி கறாரானது. நான் 2001-இல் விழுந்த குழியில் இருபது வருஷம் கழித்து என்னைவிடப் பெரிய ஆட்களும் விழுந்தார்கள் என்றபோது, சந்தோஷப்படக் கூடாதுதான், இருந்தாலும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

நம் மலைக்கே சொந்தமான ஓர் உதாரணமும் சொல்கிறேன். காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே, வேணு பாப்பு பெயரில். நட்சத்திரத்துக்கும் முகவரி உண்டு. வான நடுக்கோட்டுக்கு வடக்கே என்றால் கூட்டல் குறி, தெற்கே என்றால் கழித்தல் குறி. பிறகு பாகை, அதன் பிறகு அதை அறுபதாகப் பிரித்த கலை. நடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கில், −0 பாகை 30 கலையில் ஒரு நட்சத்திரம் என்று வையுங்கள். கவனமில்லாத புரோகிராம் '−0' என்பதை எண்ணாகப் படித்தால், பூஜ்யத்துக்கு ஏது கழித்தல் என்று குறியைத் தொலைத்துவிடும். பார்வை வடக்கே 30 கலைக்குப் போய்விடும். மொத்தம் ஒரு பாகை பிசகு, அதாவது இரண்டு முழு நிலா அகலம். வானியல் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் எச்சரிக்கைகளில் இது ஒன்று. எழுத்தை எண்ணாக்கும் இடத்தில் பூஜ்யத்தைச் சும்மா விடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது முகவரிகளும் நீண்டுவிட்டன. 32 இலக்க முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. புது முறையில் 128 இலக்கம். அதை எழுத்தில் 2400:0000:0000:0000:0000:0000:0000:0025 என்றும் எழுதலாம், 2400::25 என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றே. இங்கே முன்னால் நிற்கும் பூஜ்யம் அர்த்தத்தை மாற்றாது; நல்லவேளை. ஆனாலும் ஒரே ஆளுக்குப் பல எழுத்து இருந்தால் தேடும்போது சிக்கல் என்று, 2010-இல் ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். முன் பூஜ்யங்களை எடுத்துவிடு, எல்லோரும் ஒரே மாதிரி எழுது என்று. இதைத்தான் நான் ஞானம் என்பேன்.

இன்னொரு பாடம், கருவியைவிடப் பழையது. என் அண்ணன் தந்தி ஆபீஸில் இருந்தவர். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தார். அவர் சொல்வார்: "தந்தியில எண் வந்தா அதை இன்னொரு தடவை திருப்பிச் சொல்லணும்டா. எழுத்துத் தப்புனா படிக்கிறவன் ஊகிச்சுக்குவான். எண் தப்புனா ஒருத்தனாலயும் ஊகிக்க முடியாது." அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நான் கடைசியில் செய்தது அதுதான். இயந்திரத்தைத் திருப்பிச் சொல்ல வைத்தேன். அதை முதல் நாளே செய்திருந்தால்!

அண்ணன் சொல்லிக் கொடுத்தது மறந்துபோயிற்று. மூன்று கட்டம் போட்ட படிவத்தின் அழகுதான் கண்ணில் நின்றது. அதைவிடப் பெரிய தப்பு, அதன் பிறகு செய்தது. என்ன கோளாறு என்று மேலிடத்தில் கேட்டபோது, "லைன் பிரச்சினை சார், சரி பண்ணிட்டோம்" என்றேன். லைன்காரர் தலையில் பழி விழுந்தது. வியாழக்கிழமை சீட்டு வந்தது. அந்தப் பாட்டி வந்து வாங்கிப் போனாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம்.

அலுவலகங்களில் கம்ப்யூட்டர் 'ஏற்கவில்லை' என்று சொன்னால் நமக்கு எரிச்சல் வருகிறது. நியாயம்தான். ஆனால் முன்னேயே, ஏற்றுகிறவன் மேஜையிலேயே 'ஏற்கவில்லை' என்று சொல்கிற கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் கைவிரிக்கிறதே, அதற்குத்தான் நாம் கோபப்பட வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இவ்வளவும் சொன்னேன். கடைசிப் பகுதியைச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க ஆயாகூட அப்படித்தான் தாத்தா, ஆபீசுக்குப் போயிட்டுச் சும்மா திரும்பி வரும்."

பிறகு பழைய கருவியை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டாள். கீழே இன்னொரு வரியும் சேர்த்தாள், படித்த முகவரியைத் திரும்ப எழுதிக் காட்டும்படி. 010 என்று கொடுத்துப் பார்த்தாள். 'தவறான முகவரி' என்று வந்தது. அதைப் பார்த்து அவள் முகத்தில் ஒரு திருப்தி.

அதற்குள் கரண்ட் போய்விட்டது.